இரண்டு பெயர் கொண்ட பாலம்

மட்டக்களப்பு வாவியின் மேல் நிற்கும் பழைய உருக்குப் பாலத்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. அன்றைய அரசு சூட்டிய பெயர் ‘மானிங் சீமாட்டி பாலம்’ என்பது. 1918 முதல் 1925 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் வில்லியம் மானிங்கின் மனைவியார் பெயரால் அது அவ்வாறு அழைக்கப்பட்டது. மக்கள் சூட்டிய பெயர் ‘கல்லடிப் பாலம்’. பஸ்ஸில் ஏறி, “சீமாட்டி பாலத்தில் இறக்கிவிடுங்கள்” என்று கேட்கும் ஒருவரை நாம் இதுவரை கண்டதில்லை. கல்லடி என்ற ஊர்ப் பெயரே போதும், நடத்துநருக்கு விளங்கிவிடும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பெயரில் வரலாறு இருக்கிறது என்பதே நமது விடை. ஒரு பெயர் ஆண்டவர்களின் வரலாற்றைச் சொல்கிறது. மற்றது அப்பாலத்தின் மேல் நடந்தும், சுமந்தும், அழுதும், சிரித்தும் போன மக்களின் வரலாற்றைச் சொல்கிறது. முதலாவது வரலாறு கல்லிலும் ஏட்டிலும் பொறிக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதத் தொடங்க வேண்டும் என்ற ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம்.

தேற்றாத்தீவில் இருப்போர்க்கு இப்பாலம் ஏன் முக்கியமானது என்பதை அறிய, முதலில் நிலத்தின் அமைப்பை மனத்தில் கொள்ளுதல் வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம். சூரியன் எழுகின்ற திசையில் உள்ளமையால் இக்கரை எழுவான்கரை. வாவிக்கு அப்பால், சூரியன் விழுகின்ற திசையில், நெல்வயல்கள் பரந்து கிடக்கும் கரை படுவான்கரை. கல்லடியில் தொடங்கி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாளங்குடா, புதுக்குடியிருப்பு, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், மாங்காடு, தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இம்மணல் நிலத்தில் கோத்த மணிகள்போல் அமைந்துள்ளன. இவற்றுள் தமிழூர்களும் உண்டு. முஸ்லிம் மக்களின் ஊரும் உண்டு. வெற்றிலைக் கொடிக்காலும் காய்கறித் தோட்டமும் தென்னஞ்சோலையும் மீன்பிடியும் நெசவும் வாணிகமும் இவ்வூர்களின் வாழ்வு. கலங்கிய நீரைத் தெளிவிக்கும் தேற்றா மரத்தின் பெயரையே எங்கள் ஊர் தாங்கி நிற்கிறது என்று பெரியோர் சொல்வர். கலங்கிக் கிடக்கும் வரலாற்றையும் சற்றே தெளிவித்துக் காண முயல்வது அவ்வூருக்குப் பொருந்தாத செயல் ஆகாது.

நகரமோ வாவியின் மறுபுறத்தில் இருந்தது. புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர்; 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர்; பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். கொடிகள் மாறின, கோட்டை மாறவில்லை. கச்சேரி, நீதிமன்றம், வைத்தியசாலை, பெரிய பள்ளிக்கூடங்கள், பெருங்கடைகள் யாவும் அக்கோட்டையைச் சுற்றியே வளர்ந்தன. எழுவான்கரையில் உள்ளவர் இவற்றுள் எதை நாடினாலும் வாவியைக் கடந்தே ஆக வேண்டும்.

கடப்பதற்கு இருந்த வழி தோணியும் பாதையும். இங்கே ‘பாதை’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிற ஊரார் பாதை என்றால் நிலத்தில் கிடக்கும் வழியைக் கருதுவர். மட்டக்களப்பாரோ ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு துறைக்குத் துறை செல்லும் மிதவையையும் பாதை என்றே அழைப்பர். நிலம் முடியும் இடத்தில் வழி முடிந்துவிடவில்லை. அது நீரின்மேல் மிதந்து சென்று மறுகரையில் மீண்டும் நிலத்தோடு சேர்கிறது என்பது இச்சொல்லின் உட்பொருள். புலவர் எவரும் புனைந்த சொல்லன்று இது. நாள்தோறும் துறையில் நின்று காத்திருந்த மக்கள் ஆக்கிய சொல். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளங்கொண்ட இவ்வாவி, வீதிகள் செம்மைப்படாத காலத்தில் தானே பெருவீதியாக இருந்தது. படுவான்கரையின் நெல்லும் விறகும் எழுவான்கரையின் தேங்காயும் தோணிகளில் சென்றன. கோடை வந்தால் நீர் வற்றித் தோணி தரைதட்டும். வாடைக் காற்றும் மாரி வெள்ளமும் வந்தால் துறையே இல்லாது போகும். பிரசவ வலிப்பட்ட பெண்ணும் பாம்பு தீண்டிய உழவனும் ஓடக்காரனின் குரலுக்காகக் காத்திருந்த இரவுகளை எந்த ஏடும் கணக்கெடுக்கவில்லை.

இந்த வாவியைப் பற்றி வெளியுலகுக்கு அழகாக எழுதிய ஆங்கிலேயர் ஒருவர் உண்டு. அவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மட்டக்களப்புக்கு வந்த அவர், இரவில் படகேறிச் சென்று, நீரின் அடியிலிருந்து எழும் மெல்லிய இசையொலியைக் கேட்டார். படகின் மரத்தில் காதை வைத்தால் அவ்வொலி மிகுந்து கேட்டது என்பதையும் குறித்தார். ‘பாடும் மீன்’ என்ற புகழ் உலகெங்கும் பரவுவதற்கு அவருடைய நூல் பெரிதும் உதவிற்று. அதன்பின் ஒரு நூற்றாண்டு கழித்து, 1954இல், இங்கு பணிபுரிந்த யேசு சபைத் துறவியான லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவுசெய்தார். ஈழத்து அறிஞர் விபுலானந்த அடிகளும் தமது ‘யாழ்நூல்’ ஆராய்ச்சியை இவ்வாவியின் இசையோடு இணைத்து, நீரரமகளிரை முன்னிறுத்தியே தொடங்கினார்.

டெனன்டின் செவி கூர்மையானது; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அதே 1848இல் அவர் வகித்த பதவி யாது? இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளர். தேசாதிபதி டொரிங்டனின் அரசில் அடுத்த நிலையில் இருந்தவர் அவரே. அவ்வாண்டில் அவ்வரசு கொண்டுவந்த சட்டங்களுள் ஒன்று வீதிச் சட்டம். 18 வயது முதல் 55 வயது வரை உள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்ய வேண்டும். இயலாவிடில் மூன்று சிலிங் கட்ட வேண்டும். கோப்பித் தோட்டங்களுக்கு வீதி வேண்டியிருந்தது. அதற்கு உழைப்பு வேண்டியிருந்தது. தோட்ட முதலாளியின் வண்டி உருள்வதற்குக் குடியானவன் கல்லுடைக்க வேண்டியிருந்தது. வேறு வரிகளும் சேர்ந்துகொள்ளவே, ஜூலை மாதம் மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். படைச்சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். அந்தத் துப்பாக்கி ஒலி அடங்கிச் சில வாரங்களே கழிந்த நிலையில்தான் குடியேற்றநாட்டுச் செயலாளர் மட்டக்களப்பு வாவியில் மீனின் பாடலைக் கேட்டார்.

மீனின் ஒலியைக் கேட்ட செவிக்கு மனிதரின் ஓலம் ஏன் எட்டவில்லை என்று வினவுவதில் தவறில்லை அன்றோ? டெனன்ட் என்ற தனிமனிதரைப் பழிப்பது எமது நோக்கமன்று. அழகை உணர்வதும் அநீதியை நடத்துவதும் ஒரே மனிதரிடத்தில் ஒரே பருவத்தில் கூடியிருக்க இயலும் என்பதை மாணவர் அறிய வேண்டும். வீதிகளையும் பாலங்களையும் வெள்ளையர் ‘தந்தனர்’ என்று பாடப்புத்தகம் சொல்லும்போது, அவற்றின் அடியில் கிடக்கும் அந்த ஆறு நாளையும் அந்த மூன்று சிலிங்கையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். அக்கட்டாய உழைப்பு பின்னர் தலைவரியாக நிலைத்து, இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கம் வரை நீண்டது. ஏ. ஈ. குணசிங்ஹா முதலான இளைஞர் அதனை எதிர்த்து இயக்கம் நடத்திய பின்னரே, 1920களின் தொடக்கத்தில் அது ஒழிந்தது. அதே குணசிங்ஹா 1922இல் தொழிற்சங்கத்தை அமைத்தார். 1923இல் கொழும்பில் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. இதற்கு அடுத்த ஆண்டு, 1924இல், கல்லடியில் பாலம் எழுந்தது.

அந்த ஆண்டுகளில் தேசாதிபதி மானிங் வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்ற தமிழர். சிங்களவரும் தமிழரும் ஒரே மேடையில் நின்று சீர்திருத்தம் கேட்டனர். இந்த ஒற்றுமை நிலைத்தால் ஆட்சிக்கு இடையூறு என்பதை மானிங் நன்கறிந்தவர். இனவாரிப் பிரதிநிதித்துவம் என்ற கருவியை அவர் திறமையோடு கையாண்டார். ஒரு சாராரின் அச்சத்தை மறுசாராருக்கு எதிராகத் திருப்பினார். நம்மவர் தலைவர்களின் குறுகிய நோக்கும் வாக்குத் தவறலும் அவருக்குத் துணைசெய்தன. 1921இல் அருணாசலம் காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1924 ஜனவரியில் மதுரையில் காலமானார். மானிங்கின் துணைவியார் பெயரால் மட்டக்களப்பில் இரு கரைகள் இணைக்கப்பட்ட அதே காலத்தில், மானிங்கின் அரசியலால் இலங்கையின் மக்கள் இரு கரைகளாகப் பிரிக்கப்பட்டனர். உருக்கால் கட்டிய பாலத்தை விட, அரசியலால் வெட்டிய அந்தப் பள்ளம் நீடித்து நிலைத்துவிட்டது என்பதே நமது நாட்டின் துயரக் கதை.

இனி, பாலத்தையே சற்று உற்று நோக்குவோம். அது உருக்குச் சட்டகப் பாலம். இதன் தத்துவத்தை வகுப்பறையில் விளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நான்கு தென்னை ஈர்க்குகளை நான்கு முனைகளிலும் நூலால் கட்டிச் சதுரமாக்குங்கள். ஒரு மூலையை விரலால் தள்ளினால் சதுரம் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலையாக ஐந்தாவது ஈர்க்கு ஒன்றைக் கட்டுங்கள். இப்போது தள்ளினாலும் அது அசையாது. சதுரம் இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் உருவம் மாறாது. இந்த எளிய உண்மையே சட்டகப் பாலத்தின் உயிர். பாரம் ஏறும்போது மேற்சட்டம் நெருக்குண்கிறது, கீழ்ச்சட்டம் இழுபடுகிறது, இடையிலுள்ள சாய்சட்டங்கள் அந்த நெருக்கையும் இழுப்பையும் பகிர்ந்து தூண்களிடம் சேர்க்கின்றன. எந்த ஒரு சட்டமும் தனியே பாரத்தைத் தாங்குவதில்லை. எந்த ஒரு சட்டமும் சும்மா இருப்பதுமில்லை. கூட்டுறவுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு வேண்டுமோ?

அக்காலச் சட்டங்களை இணைப்பதற்குத் தறையாணிகள் பயன்பட்டன. ஆணியைச் செந்தணலாகக் காய்ச்சித் துளையிற் செருகி, மறுமுனையைச் சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்குவர். ஆணி குளிரும்போது சுருங்கித் தகடுகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். இது கைப்பழக்கமும் துணிவும் வேண்டிய தொழில். காய்ச்சுபவன், எடுத்துக் கொடுப்பவன், தாங்கிப் பிடிப்பவன், அடிப்பவன் என்று நால்வரின் கைகள் ஒருங்கே இயங்கினால்தான் ஓர் ஆணி இறங்கும். உருக்கைப் பொறுத்தவரை, இலங்கைக்குச் சொந்த ஆலை கிடையாத காலம் அது. சோவியத் உதவியோடு ஒறுவலையில் உருக்காலை எழுந்தது 1960களில்தான். அதுவரை நம் நாட்டுப் பாலங்களின் எலும்புகள் கடல்கடந்தே வந்தன. எலும்பு அயல்நாட்டினது; அதை நிமிர்த்தி நிறுத்திய தசை இம்மண்ணினது. வாவிச் சேற்றில் இறங்கித் தூணுக்கு இடம் தோண்டியவர் யார்? சம்மட்டி பிடித்தவர் யார்? பாலத்தின் பெயரில் ஒரு சீமாட்டிக்கு இடம் கிடைத்தது. அவர்களுக்கு ஒரு மூலையிலும் இடம் கிடைக்கவில்லை.

இது நமது ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. கனடாவில் சென் லோறன்ஸ் ஆற்றின்மேல் கியூபெக் பாலம் கட்டப்பட்டபோது, 1907 ஆகஸ்ட் 29ஆம் நாள் அச்சட்டகம் சரிந்து 75 தொழிலாளர் மாண்டனர். அவருள் 33 பேர் கானவாகே என்ற ஊரைச் சேர்ந்த மோகாக் பழங்குடியினர். கீழ்ச்சட்டத் தகடுகள் வளைவதை முதலிற் கண்டவர்கள் பாலத்தின் மேல் நின்று வேலை செய்தவர்களே. செய்தி நியூயோர்க்கில் இருந்த தலைமைப் பொறியியலாளரை எட்டி, பாரம் ஏற்றாதே என்ற கட்டளை புறப்பட்டபோதும், அது வேலைத்தலத்தை வந்தடையவில்லை. தொழிலாளியின் கண் கண்டதை மேலிடத்தின் காது கேட்பதற்குள் உயிர்கள் போய்விட்டன. நூறாண்டு கழித்தும் உலகம் இப்பாடத்தை முற்றும் கற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றின்மேல் 1967இல் திறக்கப்பட்ட உருக்குச் சட்டக நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று, 2007 ஆகஸ்ட் 1ஆம் நாள் மாலை, வாகனங்கள் நிறைந்திருந்த வேளையில் ஆற்றில் விழுந்தது. 13 பேர் இறந்தனர். சட்டங்களை இணைக்கும் தகடுகள் வேண்டிய கனத்தில் ஏறத்தாழப் பாதியே கொண்டிருந்தன என்பதும், பிற்காலத்தில் பாலத்தின்மேல் பாரம் கூட்டப்பட்டதும் பின்னர் தெரியவந்தன. செல்வம் கொழிக்கும் நாட்டிலும், கவனம் குன்றினால் உருக்கு மன்னிப்பதில்லை.

கல்லடிப் பாலத்திற்கு மீள்வோம். அது வந்தபின் எழுவான்கரையின் வாழ்வு மாறிற்று. ஆடவர் தோளிலும் பெண்டிர் தலையிலும் சுமந்து துறையில் இறக்கிய பண்டம், வண்டியில் ஏறி நேரே சந்தைக்குச் சென்றது. 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை வந்தடைந்தது. தெற்கே ஓரடியும் அது நகரவில்லை. அந்தப் புகையிரத நிலையத்தைத் தெற்கு ஊர்களோடு பிணைத்தது இப்பாலமே. 1929இல் விபுலானந்த அடிகள் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். பாலம் வந்ததனாலேயே பள்ளி வந்தது என்று கூறுவது மிகை. ஒரு பெருமகனின் கனவை உருக்கின் கணக்கில் எழுதிவிடலாகாது. எனினும், நகரத்துப் பிள்ளையும் தெற்கு ஊர்ப் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்வதற்கு அவ்வழி துணைநின்றது என்பதை மறுப்பதற்கில்லை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய வழியாக வரும் நெடுஞ்சாலை, கல்முனையைக் கடந்து எங்கள் ஊரின் ஊடாக வந்து, இந்தப் பாலத்தின் மேலேறியே மட்டக்களப்பை அடைந்தது.

பாலத்தில் ஒரே நேரத்தில் ஒரு திசை வாகனமே செல்ல முடியும். எதிரே பஸ் வந்தால் இப்புறத்து வாகனம் காத்து நிற்க வேண்டும். 1924ஆம் ஆண்டின் மாட்டுவண்டிக்கும் சில மோட்டார் வண்டிகளுக்கும் அளந்து கட்டிய அகலத்தில், முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக லொறிகளும் பஸ்களும் போயின. பாலத்தலைப்பில் காத்துநின்ற பொழுதுகளில் எத்தனை உரையாடல்கள்! காத்தான்குடி வியாபாரியும், களுதாவளை வெற்றிலைக்காரரும், கல்லடி மீனவரும், பரீட்சைக்குப் போகும் மாணவனும் ஒருவருக்கொருவர் வழிவிட்டே கடந்தனர். வழிவிடாமல் எவரும் கடக்க முடியாது என்பது அந்தக் குறுகிய பாலம் கற்பித்த நல்லொழுக்கம்.

ஆயினும், பாலம் எல்லோர்க்கும் வந்துவிடவில்லை. நாட்டுக்கு நெல் விளைத்துத் தந்த படுவான்கரையின் நிலை என்ன? வடக்கே வலையிறவிலும் தெற்கே பட்டிருப்பிலும் பாலங்கள் இருந்தன. இடைப்பட்ட மண்முனைத் துறையில் பாதையே பாதையாக நீடித்தது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைத் தரிசிக்கச் சென்ற அடியார்களும், ஆசிரியர்களும், நோயாளரும், நெல் மூடைகளும் அந்த மிதவையையே நம்பினர். தெற்கே குருமண்வெளித் துறையில் மண்டூர் முருகன் திருவிழாவுக்குச் செல்வோரும் அவ்வாறே கடந்தனர். மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014 ஏப்ரலில். கல்லடிக்கும் மண்முனைக்கும் இடையே உள்ள தூரம் சில கிலோமீற்றர். இரண்டு பாலங்களுக்கும் இடையே உள்ள காலம் தொண்ணூறு ஆண்டுகள். கச்சேரிக்கும் நெடுஞ்சாலைக்கும் வேண்டிய இடத்தில் பாலம் முதலில் எழுந்தது. உழவனுக்கு வேண்டிய இடத்தில் அது கடைசியாக எழுந்தது. அந்நியர் ஆட்சியைக் குறைகூறும் நாம், 1948க்குப் பின் வந்த நம்மவர் ஆட்சிகளின் அறுபத்தாறு ஆண்டுகளையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். நீதி என்பது ஒரு கரைக்கு மட்டும் உரியதன்று.

பாலத்தின் மேல் போர்க்காலமும் நடந்து சென்றது. சோதனைச் சாவடிகளில் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் ஏந்தி, வரிசையில் நடந்த தலைமுறை நமது தலைமுறை. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1991 ஜூன் 12ஆம் நாள் கொக்கட்டிச்சோலைப் பகுதியில், மகிழடித்தீவிலும் அயலிலும், தமிழ்ப் பொதுமக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். முன்னையது ஆயுதம் ஏந்திய தமிழரால். பின்னையது அரச படையினரால். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் துணியாதவன் வரலாறு கற்பிக்கத் தகுதியற்றவன் என்பது எமது கருத்து. ஒரே வீதியில், ஒரே பாலத்தில், ஒரே பஸ்ஸில் சென்ற மக்கள் ஒருவரை ஒருவர் அஞ்சத் தொடங்கிய நாட்களில், உருக்குச் சட்டங்கள் அசையாமல் நின்றன. மனிதச் சட்டங்கள் உடைந்தன. மானிங் காலத்தில் வெட்டத் தொடங்கிய பள்ளம் எவ்வளவு ஆழமாகிவிட்டது என்பதை அப்போது கண்டோம்.

இயற்கையும் இப்பாலத்தைச் சோதித்தது. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளையும் கூரைகளையும் வீழ்த்தியது, பாலம் நின்றது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடிக் கரையையும் வாரிச் சுருட்டிற்று. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் சாய்ந்தது. கடல் பின்னால் துரத்த, உயிர்தப்பியோர் நகரை நோக்கி ஓடிய வழி இந்தப் பாலமே. அன்று அதைக் கடந்தவர் எவரும் இது எந்தச் சீமாட்டியின் பாலம் என்று எண்ணியிருக்க மாட்டார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிய தாய்க்கு அது மறுகரை, அவ்வளவே. ஒரு பாலத்துக்கு இதைவிட உயர்ந்த பெயர் கிடையாது.

2013 மார்ச் 22ஆம் நாள், பழைய பாலத்தின் அருகிலேயே, ஜப்பானிய உதவியோடு கட்டிய புதிய பாலம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 290 மீற்றர் நீளமும் இருவழிப் போக்குவரத்துக்கு ஏற்ற அகலமும் கொண்டது அது. இப்போது எவரும் காத்துநிற்க வேண்டியதில்லை. இம்முன்னேற்றத்தை நாம் மகிழ்ந்து வரவேற்கிறோம். பழையது என்பதற்காகவே ஒன்றைப் போற்றுவது எமது கொள்கையன்று. ஒற்றை வழிப் பாலத்தில் நின்ற நோயாளி வண்டியின் அவதியை அழகென்று பாடுபவன் மக்களின் நண்பனாக இருக்க முடியாது. ஆனால், பெருஞ்சுமையிலிருந்து விடுபட்ட பழைய பாலத்தை என்ன செய்யப்போகிறோம்? உப்புக் காற்றுக்கு உருக்கு இரை. சுரண்டித் துருவகற்றி, வண்ணம் பூசி, இணைப்புகளை ஓயாமல் பார்த்து வந்தால் உருக்குப் பாலம் நூறாண்டுக்கு மேலும் வாழும். கைவிட்டால், அது விழும் நாளை அதுவே தீர்மானிக்கும். சட்டகப் பாலங்கள் எவ்வாறு வீழ்கின்றன என்பதை மேலே கண்டோம். கவனிப்பாரற்ற ஒன்றை நினைவுச்சின்னம் என்று அழைப்பதில் பொருளில்லை.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இரண்டு செய்திகள். முதலாவது: உங்கள் ஊரில் பாதை ஓட்டியவரை, துறையில் சுமை தூக்கியவரை, வீதிக்கும் பாலத்துக்கும் கல் சுமந்தவரின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தேடிச் செல்லுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். 1924ஐக் கண்ட கண்கள் இப்போது இல்லை. அவர்களிடமிருந்து கேட்டவர்களும் முதுமை எய்திவிட்டனர். மன்னரையும் தேசாதிபதியையும் பற்றி எழுத ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன. ஓடக்காரனின் ஆவணக் காப்பகம் அவன் பேரனின் நினைவு மட்டுமே. அது எரியவும் வேண்டியதில்லை, மறதியே போதும்.

இரண்டாவது: உங்கள் பிள்ளைகளை ஒரு மாலைப் பொழுதில் பழைய பாலத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பாடும் மீனின் கதையைச் சொல்லுங்கள்; அதைக் கேட்டு எழுதியவரின் கதையையும், அவருடைய அரசு விதித்த ஆறு நாள் வேலையின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். ஐந்தாவது ஈர்க்கை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். நான்கு சட்டங்கள் சேர்ந்தும் சாய்ந்துவிடுகின்ற ஒன்றை, குறுக்கே நின்று தாங்கும் ஒரு சட்டம் நிலைநிறுத்திவிடும் என்பதை அவர்கள் தம் விரலாலேயே உணரட்டும். பிறகு, தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் எழுவான்கரைப் பிள்ளையும் படுவான்கரைப் பிள்ளையும் ஒன்றாக நின்று நீரைப் பார்க்கட்டும்.

இப்பாலத்தைக் கட்டியவர்களின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் மக்கள் அதற்கு ஊரின் பெயரை வைத்தனர். ஊரின் பெயர் எவருக்கும் தனியுடைமை அன்று. அதனுள் சேற்றில் இறங்கியவனும் உண்டு, சம்மட்டி பிடித்தவனும் உண்டு, பாதை ஓட்டியவனும் உண்டு. தேசாதிபதியின் கட்டளையின்றி, வர்த்தமானி அறிவித்தலின்றி, மக்கள் தம் நாவினாலே தந்த தீர்ப்பு அது. அத்தீர்ப்பை நாம் ஏட்டிலும் எழுதிவைப்போம்: அது கல்லடிப் பாலம்.